சிவப்பு லைற் எரியேக்க

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறன். நீ சுகமாய் இருப்பாய் எண்டு நினைக்கிறன். நாங்களும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பின்னேரத்தில பார்க் மட்டும் நடந்துபோட்டு வாறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில கதைக்கேக்க, கடையில சனம் தாங்களே சாமானை ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற மிசினைப் பற்றி நீ ஒரு கதை சொன்னனி. "அம்மா, மிசினில ஒரு பிழையும் இல்லை, சனம்தான் பழகவேணும்" எண்டு. அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை. அடுப்பில கறி கொதிச்சுக்கொண்டு இருந்தது. பிறகு இரவு படுத்தால் நித்திரை வரேல்லை. நீ இப்ப வேலை செய்யிறது அந்த மிசினுகளுக்கு மூளை எழுதுற இடத்தில. நான் இருபது வருசத்துக்கு மேல ரில்லில, காசு வாங்கிற மேசையில, இருந்துபோட்டு, இப்ப நாலு வருசமாய் அந்த மிசினுகளுக்கு நடுவில நிக்கிறன். நீங்கள் அங்க ஒல்லாந்தில, ஐந்தோவனில எழுதுற மாதிரியான ஒண்டுதான் இஞ்ச லண்டன் ஹரோவில என்ர கண்ணுக்கு முன்னால நடக்குது. போனில சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" எண்டுபோட்டு விட்டுடுவாய். அதுதான் எழுதுறன்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லுறன். காலமை பத்து மணி இருக்கும். அந்த நேரம் கடைக்கு வாறது முக்கால்வாசி வயசுபோன ஆக்கள். எட்டு மிசின், அதுக்கு ஒரு ஆள், அது நான். ரில் ஆறு இருக்கு. அண்டைக்கு ஒண்டுகூடத் திறக்கேல்லை, இருக்க ஆளில்லை எண்டு மனேச்சர் சொன்னார். எனக்குப் பத்து வருசமாய்த் தெரிஞ்ச ஒரு குஜராத்தி மனிசி வந்தா. எண்பது வயசு இருக்கும். புருசன் செத்தாப் பிறகு தனிய இருக்கிறா. கூடைக்குள்ள ஒரு பாண், ஒரு பால், மூண்டு பச்சை மிளகாய், பெருவிரல் அளவில ஒரு துண்டு இஞ்சி. அவ்வளவுதான்.

பாணில மஞ்சள் லேபிள் ஒட்டியிருந்தது, விலை குறைச்சது. அதை ஒட்டின பிள்ளை பழைய பார்கோட்டுக்கு மேல ஒட்டாமல் பக்கத்தில ஒட்டிப்போட்டுது. மிசின் பழைய கோட்டை வாசிச்சு முழு விலையையும் போட்டுது. மனிசி ஸ்கிறீனைப் பாத்து "இல்லை, இல்லை" எண்டு சொன்னா. ஸ்கிறீனுக்குக் காது இல்லை. பிறகு இஞ்சியை வைச்சா. துண்டு சின்னன், தராசு அசையேல்லை. எடுத்துத் திரும்ப வைச்சா. விரலால கொஞ்சம் அமத்திப் பாத்தா. இதுக்குள்ள, எண்ணமில்லாமல், மிளகாயை எடுத்துத் தன்ர துணிப் பைக்குள்ள போட்டிட்டா. உடன அந்தக் குரல் வந்துது: "அன்எக்ஸ்பெக்ரெட் ஐற்றம் இன் த பாகிங் ஏரியா", பை வைக்கிற தட்டில இருக்கக் கூடாத சாமான் இருக்கெண்டு. மேல சிவப்பு லைற் எரியுது.

நான் மற்றப் பக்கம் ஒரு பொடியன்ர பியருக்கு வயசு பாத்துக்கொண்டு நிண்டனான். திரும்பிப் பாத்தால், மனிசி ரெண்டு கையையும் பையில இருந்து எடுத்து நெஞ்சுக்கு நேர தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறா. பின்னால நிண்ட மனுசன் பெரிசாய் மூச்சு விட்டான். நான் கிட்டப் போக, வணக்கம்கூடச் சொல்லாமல் அவ சொன்ன முதல் கதை, "நான் ஒண்டும் எடுக்கேல்லை".

தம்பி, இந்த வசனத்தை நான் கிழமைக்கு நாலைஞ்சு தரம் கேக்கிறன். களவெடுத்தவை ஒருநாளும் இதைச் சொல்லுறேல்லை. அவை சத்தம் போடுவினம், இல்லாட்டி சிரிச்சுக்கொண்டு போயிடுவினம். சொல்லுறது முழுக்க இப்பிடியான ஆக்கள்தான்.

அந்தப் பை வைக்கிற தட்டுக்குக் கீழ தராசு இருக்கெண்டது உனக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு பார்கோட்டுக்கும் இவ்வளவு நிறை எண்டு எழுதி வைச்சிருக்கு. அந்த நிறை தட்டில ஏறவேணும், ஏறாட்டியும் பிழை, கூட ஏறினாலும் பிழை. ஆனால் நிண்டு பாத்தவளுக்குத் தெரிஞ்சது கொஞ்சம் இருக்கு. கொம்பனிக்காரன் பிஸ்கற் பக்கற்றைச் சின்னனாக்கினால், அந்தப் புது நிறையை ஆரும் உள்ளுக்குப் பதியிறமட்டும் அதை வாங்கிற ஒவ்வொருத்தருக்கும் சிவப்பு லைற். குளிர் காலத்தில சால்வை நுனி தட்டில பட்டால் சிவப்பு லைற். தள்ளுவண்டிலில இருக்கிற குழந்தை கையை நீட்டி வைச்சால் சிவப்பு லைற். இதுகளில எங்க சனத்தின்ர பிழை? மிசினுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான். ஆனால் அது "எனக்குத் தெரியேல்லை" எண்டு சொல்லுறேல்லை. இருக்கக் கூடாத சாமான் இருக்கெண்டுதான் சொல்லுது. தனக்குத் தெரியாததை முன்னால நிக்கிற ஆளின்ர குற்றமாக்கி, கடை முழுக்கக் கேக்கச் சொல்லுது.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. ஏழாம் வகுப்பில, குசினி மேசையில மலிபன் பிஸ்கற் பக்கற்றை வைச்சுக்கொண்டு எனக்குப் பார்கோட் படிப்பிச்சனி. 479 எண்டு தொடங்கினால் நம்பர் சிலோனில பதிஞ்சது, 890 எண்டால் இந்தியா எண்டு சொன்னனி. கடைசி இலக்கம் சும்மா இல்லை, காவல் எண்டு சொன்னனி. முதல் 12 இலக்கத்தில ஒண்டு விட்ட ஒண்டை மூண்டால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் 13ஆவது. கோடு அழுக்காகி ஒரு இலக்கம் பிசகினால் கணக்கு வராது, அப்ப மிசின் வாசிக்காமல் விட்டிடும். நான் பத்துப் பன்னிரண்டு வருசமாய்ப் பீப் பண்ணிக்கொண்டு இருந்த கோட்டுக்குள்ள இப்பிடி ஒரு புத்தி இருக்கெண்டது அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். 1974 ஜூன் 26, அமெரிக்காவில ஒஹாயோவில ட்ரோய் எண்ட ஊரில, ஒரு சுவிங்கம் பக்கற்றைத்தான் முதன்முதல் ஸ்கான் பண்ணினவை எண்டும் நீதான் சொன்னனி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இதையேதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன். அந்தக் கோட்டைக் கண்டுபிடிச்ச ஆக்கள், மிசின் பிழை விடும் எண்டு நினைச்சு, மிசினைச் சரிபாக்க ஒரு இலக்கத்தை வைச்சவை. இப்ப செய்யிற ஆக்கள் மனுசர் பிழை விடுவினம் எண்டு நினைச்சு, மனுசரைச் சரிபாக்கத் தராசு வைக்கினம், தலைக்கு மேல கமெரா வைக்கினம், வெளிய போக ரிசீற் காட்டினால் திறக்கிற கேற் வைக்கினம். அந்தக் கேற்றில நானும் நிண்டனான். வேற ஒரு கடையில, ரெண்டு மாதத்துக்கு முதல். ரிசீற்றைக் குப்பை வாளிக்குள்ள போட்டிட்டன். வேலை முடிஞ்சு வந்த களை, கையில மீன் பை, கேற் திறக்கேல்லை. ஒரு பொடியன் வந்து என்ர பையைக் கிளறிப் பாத்துத்தான் விட்டவன். இருபது வருசம் காசு எண்ணி ஒரு பென்ஸ் பிசகாதவள் நான். வீட்டை வந்து அப்பாவுக்கும் சொல்லேல்லை. இப்ப உனக்குத்தான் சொல்லுறன்.

களவு இல்லையெண்டு நான் சொல்லேல்லை. விலை கூடின அவகாடோவை ஸ்கிறீனில வெங்காயம் எண்டு அமத்திப்போட்டுப் போறவையை என்ர கண்ணாலயே பாத்திருக்கிறன். கேட்டால் தூசணத்தால பேசுவினம். எனக்கும் பயம் இருக்கு.

மிசினை எல்லாரும் வெறுக்கினம் எண்டும் இல்லை. இரவு வேலை முடிஞ்சு வாற நேர்ஸ் பிள்ளையள் ஒரு சாண்ட்விச்சோட ஒரு நிமிசத்தில போயிடுவினம். காது கேளாத ஒரு பொடியன் வாறவன், அவனுக்கு ஆரோடையும் கதைக்கத் தேவையில்லாதது பெரிய நிம்மதி. அவைக்கு அது இருக்கட்டும். ஆனால் ரில்லை மூடிப்போட்டு, "விருப்பமானதைத் தெரியுங்கோ" எண்டு சொல்லக் கூடாது.

ரில்லில இருக்கேக்க அந்த மஞ்சள் லேபிளை நான் நகத்தால கிளப்பிச் சரியான இடத்தில ஒட்டி அடிச்சு விட்டிடுவன். ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சித் துண்டை மிளகாயோட சேத்து நிறுக்கிறதோ, என்ன செய்யிறதோ, அது என்ர பாடு. முட்டையை மேல வைப்பன், பால் போத்தலை நிமித்தி வைப்பன். காசை எண்ணேலாமல் கை நடுங்கிற ஆக்கள் பேர்சையே என்னட்டை நீட்டுவினம், நான் அவையின்ர கண்ணுக்கு முன்னால ஒவ்வொரு குத்தியாய் எடுத்து வைப்பன். இந்த எட்டு மிசினில ஆறு மிசின் காசு எடுக்காது, வங்கிக் காட் மட்டும்தான். ஒரு கிழமை வராத மனிசி அடுத்த கிழமை வந்தால் "எங்க காணேல்லை" எண்டு கேப்பன். இப்ப அந்த வேலையெல்லாம் மிசின் செய்யுதெண்டு நினைக்கிறியே? இல்லை. சாமானை ஸ்கான் பண்ணுறது சனம். நிறுக்கிறது சனம். பையில அடுக்கிறதும் சனம். அதுக்கு நடுவில ஸ்கிறீன் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தப் பையோ? கடைக் காட் இருக்கோ? எத்தினை பை எடுத்தனீங்கள்? 2015இல பைக்கு 5 பென்ஸ் எண்டு சட்டம் வந்துது, 2021இல 10 பென்ஸ் ஆச்சு. அது நல்லதுதான், ஆனால் அண்டைக்கு நான் வாயால கேட்ட ஒரு சொல்லுக்கு இப்ப ஒரு ஸ்கிறீன். தலையிடிக் குளிசை மூண்டு பக்கற் எடுத்தால் நிண்டிடும், கறிக்கத்தி வாங்கினால் நிண்டிடும். எழுபது வயசு மனுசன், நத்தாருக்கு வைன் போத்தலோட, நான் வந்து "இவருக்கு 25க்கு மேல" எண்டு அமத்துறமட்டும் நிக்கவேணும்.

ஊரில, கூப்பனுக்குச் சாமான் குடுக்கிற சங்கக்கடையின்ர வரிசை உனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில, சண்டைக் காலத்தில, மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் தடை, கூப்பன் காட்டைப் பாத்துப் பாத்துத்தான் தருவினம். விடிய நாலு மணிக்கு அம்மம்மாவோட போய் நிப்பன். கஷ்டம்தான். ஆனால் மனேச்சர் ஐயா நிமிந்து பாத்து, "அக்கா, பை கிழிஞ்சிருக்கு, அரிசி சிந்தப் போகுது" எண்டு சொல்லுவார். எல்லாத்துக்கும் கணக்குப் பாத்த அந்தக் காலத்திலயும் வரிசையில நிண்ட எங்களை ஒருத்தரும் கள்ளர் எண்டு நினைக்கேல்லை.

இதை மாத்தேலாதெண்டு சொல்லாத. இங்கிலாந்தின்ர வடக்கில பூத்ஸ் எண்டு ஒரு கடைக்காரர், அப்ப 28 கடை இருந்தது. 2023 நவம்பரில, ரெண்டு கடையைத் தவிர மற்ற எல்லாத்திலயும் இந்த மிசினை எடுக்கிறம் எண்டு சொன்னவை. 2021இல ஈலிங்கில அமேசன் ஒரு கடை திறந்தது, எடுத்துக்கொண்டு அப்பிடியே நடக்கலாம் எண்டு. அப்பாவும் நானும் பாக்கப் போனாங்கள். வெளிய வந்து றோட்டில நிண்டு, காசு குடுத்திட்டமோ இல்லையோ எண்டு போனைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். 2025இல அந்தக் கடையளை இஞ்ச மூடப்போறம் எண்டு அவையே சொல்லிப்போட்டினம். உன்ர நாட்டிலதானே யும்போ எண்ட சுப்பர்மாக்கற்காரர் 2019இல அவசரமில்லாத ஆக்களுக்கெண்டு கதைக்கிறதுக்கே ஒரு ரில் வைச்சவை. நீ சொன்னாப் பிறகு அதை நான் வேலையில எல்லாருக்கும் சொன்னன். ஒருத்தரும் நம்பேல்லை.

ரில் திறக்கிறது உன்ர கையில இல்லை, எனக்கு விளங்குது. உன்ர கையில இருக்கிறதைக் கேக்கிறன். நிறை பொருந்தாட்டி முதல் வாற வசனம், "எனக்குச் சரியாய் விளங்கேல்லை, ஆள் வருது" எண்டு இருக்கட்டும். அதைச் சத்தமாய்ச் சொல்லாமல் எழுத்தில காட்டட்டும். ஆள் தேவையெண்டு எனக்குக் காட்ட ஒரு லைற் போதும், அது சிவப்பாய் இருக்கத் தேவையில்லை, மற்றச் சனத்துக்குத் தெரியவும் தேவையில்லை. சின்ன இஞ்சித் துண்டுக்கு ஒரு வழி வையுங்கோ. இதை உன்ர மேலாளரிட்டச் சொல்லேக்க, இருபது வருசம் ரில்லில இருந்த ஆள் சொன்னது எண்டு சொல்லு. அம்மா எண்டு சொல்லாட்டியும் பரவாயில்லை.

அந்தக் குஜராத்தி மனிசி அண்டைக்குப் போனவள்தான். நேற்றுப் புதன், வரேல்லை. கதவையே பாத்துக்கொண்டு நிண்டன்.

நீ டிசம்பரில வாறாய் தானே. ஒரு புதன்கிழமை காலமை கடைக்கு வந்து, பூ வைச்சிருக்கிற பக்கம் ஒரு மணித்தியாலம் நில். அதில இருந்து பாத்தால் எட்டு மிசினும் தெரியும். ஸ்கிறீனைப் பாக்காமல் ஆக்களின்ர கையைப் பார். பிறகு ரெண்டு பேருமாய் வீட்டை வந்து சாப்பிடுவம், வெண்டிக்காய்ப் பால்கறி வைக்கிறன்.

மிளகாய்த்தூள் முடிஞ்சுதெண்டால் சொல்லு, அப்பா வறுத்துத் திரிச்சு வைச்சிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா