டர்பன் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் நடத்தும் தொழில் வழிகாட்டிக் கூட்டங்களுக்கு மருத்துவர் வருகிறார், கணக்காய்வாளர் வருகிறார், கணினித் துறையினரும் வருகிறார்கள். குற்றவியல் நீதித்துறையிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் அவர்களையும் அழையுங்கள்.

சட்டம் படிக்கப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால், நமக்கு வக்கீல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார். ஒரு குற்ற வழக்கில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது! போலீஸ் புகாரைப் பதிந்து டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, திறக்கிறது, துப்பறிவாளர் சாட்சியம் சேர்க்கிறார். அந்த டாக்கெட்டைப் படித்து, வழக்கு தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அரசு வழக்குரைஞர். போலீஸ்தான் அதை முடிவு செய்கிறது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். பொதுமக்களில் சிலர் குழுவாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை நம் தென்னாப்பிரிக்காவில் 1969-இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. தீர்ப்புச் சொல்வது மாஜிஸ்திரேட் அல்லது நீதிபதி.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வெளியே தெரியாத வேலைகளைப் பற்றி. வன்கொடுமைக்கு ஆளான குழந்தை சாட்சி சொல்ல வந்தால், அதைத் தனி அறையில் உட்கார வைத்து, வக்கீலின் கேள்வியைக் குழந்தைக்குப் புரிகிற விதத்தில் மென்மையாகக் கேட்க ஓர் இடைநிலையாளரை நீதிமன்றம் அமர்த்தலாம். அப்புறம், சிறுவன் ஒருவன் பிடிபட்டால் முதலில் அவன் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தருபவர் நன்னடத்தை அலுவலர். அவர் சமூகப்பணி படித்தவர். 2010-இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் நீதிச் சட்டப்படி, தகுந்த வழக்கில் அந்தச் சிறுவனைத் தண்டனைக்கு அனுப்பாமல் சீர்திருத்தப் பயிற்சிக்குத் திருப்பிவிட வழி உண்டு. ஒரு பிள்ளையின் வாழ்க்கையே அந்த அறிக்கையால் மாறலாம். பொறுமையும் இரக்கமும் உள்ள மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இப்படி ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தத் துறைக்குப் போகாத பிள்ளைக்கும் இது பயன்படும். கைதானவர் பேசாமல் இருக்கலாம். 48 மணி நேரத்துக்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கெடு நீதிமன்றம் இல்லாத நேரத்தில் முடிந்தால், அடுத்த நீதிமன்ற நாள்வரை நீளும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர் அரசின் சட்ட உதவியைக் கேட்கலாம். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு சொல்வது இது. வெள்ளிக்கிழமை இரவு மகனைப் போலீஸ் கூட்டிப்போனால் எந்த அம்மாவும் பதறிப்போவார். என்ன கேட்க வேண்டும் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நமக்கு முன்னோடிகள் இல்லையா? டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளை, 1967-இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். 2019-இல் நாட்டின் அரசு வழக்குரைஞர்களுக்கெல்லாம் தலைமை ஏற்ற ஷமிலா பட்டோஹி, வேலையைத் தொடங்கியது நம் சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான்.

ஓர் அரசு வழக்குரைஞர், ஒரு நன்னடத்தை அலுவலர், ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஒரு சிறை அலுவலர். இந்த நால்வரும் மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒரு காலைப்பொழுது பேசினால் போதும். வழக்கு விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கின்றன. பள்ளி விடுமுறையில் மாணவர்களை அங்கே நேரில் அழைத்துப்போவோம். பெற்றோரிடம் பேசுவது, அனுமதிக் கடிதம் வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. செயற்குழுவில் பேசி ஒரு தேதி குறித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியை ஒருவர்