38,16,54,729: இதற்கு ஜோடி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சிறுவர் பக்கத்தில் ஒரு புதிர் போட்டிருந்தீர்கள். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வர வேண்டும், முதல் இரண்டு இலக்கம் 2-ஆல் வகுபட வேண்டும், முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல், இப்படியே ஒன்பது வரைக்கும். விடை 381654729, சரிதான். ஆனால் அதன் கீழே 'இதுபோல் இன்னும் பல எண்கள் உண்டு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அது தப்பு. இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் நான் சனிக்கிழமை தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் அதை நம்பி இன்னொன்றைத் தேடித் தேடி ஒரு நோட்டையே தீர்த்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஐந்தாவது இடத்தில் 5-ஐத் தவிர எதுவும் வராது, பூஜ்யம்தான் இல்லையே. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்கள், மற்றதில் ஒற்றை. நாலாவது இடத்துக்கு முன்னால் ஒற்றை எண் நிற்பதால் அங்கே 2 அல்லது 6 மட்டுமே பொருந்தும் (14, 34 நாலால் வகுபடாது, 16, 36 வகுபடும்), எட்டாவது இடத்துக்கும் அதே கதி. முதல் மூன்றும் முதல் ஆறும் 3-ஆல் வகுபடுவதால் நடு மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட வேண்டும், ஆகவே அவை 258 அல்லது 654. அப்புறம் எட்டின் வாய்ப்பாட்டையும் போட்டுச் சலித்தால் மிஞ்சுவது பத்தே பத்து எண்கள். அந்தப் பத்தில் முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்துப் பாருங்கள், ஒன்பது எண்கள் கழிந்துவிடும். 3816547 மட்டும் 545221 தடவை மீதியில்லாமல் போகும். கடைசி ஒன்பதுக்குக் கவலையே இல்லை, ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45, எந்த வரிசையில் வைத்தாலும் வகுபடும்.

இன்னொரு விஷயம். நீங்கள் மூன்று மூன்றாகக் காற்புள்ளி போட்டதால் பிள்ளைகள் பிரெஞ்சு மாதிரியே வாசித்தார்கள். முந்நூற்று எண்பத்தொரு மில்லியன் என்று தொடங்கி, அதிலும் எண்பத்தொன்றை 'நாலு இருபதும் ஒன்றும்' என்று சொல்லும் கணக்கு வேறு! அப்படிப் பிரித்தாலும் ஒரு அழகு உண்டுதான், 381, 654, 729 இவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 12, 15, 18. ஆனால் நம் வழக்கப்படி முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்று வாசித்தால், ஒவ்வொரு காற்புள்ளியும் 2, 4, 6 என்று சரியாக விதி சோதிக்கும் இடத்திலேயே வந்து விழுகிறது. இதைச் சொன்னதும் அதுவரை தூங்கி வழிந்த ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் இருக்கிறது, தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன தயக்கம்? திருத்தம் போடும்போது கோடி, லட்சம் தெரிகிற மாதிரி போடுங்கள், பக்கத்தில் ௩௮௧௬௫௪௭௨௯ என்றும் ஒரு தடவை அச்சடியுங்கள். பத்து இலக்கப் புதிர் வேண்டும் என்று யாராவது கேட்டால் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்துக் கொடுத்துவிடலாம், பத்தாலும் வகுபட்டுவிடும்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகர்