அந்த வெள்ளைப் புலி எந்தக் காட்டில் நின்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் காட்டு விலங்குகளைப் படம் எடுப்பது பற்றி நான்கு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதன் மூன்றாவது பக்கத்தில், உயிரியல் பூங்காவில் கூண்டில் கிடப்பதை எடுக்க கேமரா தெரிந்தவன் தேவையில்லை, விரல் இருந்தால் போதும் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வருகிறது. காலையில் டீக்கடையில் படித்தேன். ராத்திரி படுக்கும்வரை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குத் தொழிலே போட்டோதான். காசிமேட்டில் இருபத்தாறு வருடமாகக் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, அதனால் வேலையும் இல்லை. அந்த மாதத்தில் ஒரு நாளாவது வண்டலூர் போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை பூங்கா லீவு என்பதால் பெரும்பாலும் புதன்கிழமை. ராயபுரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்கு மாறினால், கதவு திறக்கும் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கலாம்.

விரல் போதும் என்றவர் ஒரு நாள் என்னோடு வரட்டும். சிங்கவால் குரங்கின் கூண்டுக்கு முன்னால் நின்று பார்க்கட்டும். அங்கே கேமராவை நீட்டினால் அது முதலில் பிடிப்பது கம்பி வலையைத்தான். தடுப்புக்கு வெளியே நின்றபடியே ஜூமை முழுக்க நீட்டி, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரை முழுக்கத் திறந்து, குரங்கு வலையை விட்டு நாலடி பின்னால் போகும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் பட்ட கம்பி படத்தில் வெள்ளைக் கோடாக விழும், நிழலில் இருக்கிற கம்பி கரைந்து காணாமல் போகும். அதனால் நிழல் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துப் பார்த்து இடம் மாற வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வீணாய்ப்போன நூற்றுக்கணக்கான படங்கள்தான் சொல்லித் தந்தன.

போன மார்கழியில் புலி அடைப்புக்கு எதிரே, அகழிக்கு இந்தப் பக்கம், பதினோரு மணியில் இருந்து ஒன்றரை வரை நின்றேன். புலி மரத்தடியில் படுத்தது படுத்தபடி இருந்தது. கடைசியில் எழுந்து வந்து, திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டையும் முதலில் தண்ணீரில் வைத்து மெல்ல உட்கார்ந்தது. முகத்தில் தண்ணீர் படுவது புலிக்குப் பிடிக்காது, பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் இறங்கும். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்திருந்த ஒரு பெண் குழந்தை, "அங்கிள், அது ஏன் ரிவர்ஸ்ல போகுது?" என்று கேட்டாள். அந்த நாளில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு படம்தான். இரண்டரை மணி நேரம் நின்றது என் கால்தான், விரல் இல்லை.

சரி, இவ்வளவு எழுதியவர் தன் கட்டுரைக்கு மேலே அரைப்பக்கத்துக்கு என்ன படம் போட்டிருக்கிறார்? வெள்ளைப் புலி. இன்றைக்கு நாம் பார்க்கிற வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் 1951-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரீவா பக்கத்துக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழி வந்தவை, பூங்காக்களிலேயே பிறந்து வளர்ந்தவை. இது உங்களுக்குத் தெரியாததா ஐயா? அந்தப் படமும் ஏதோ ஒரு பூங்காவில் எவரோ ஒருவர் கால்கடுக்க நின்று எடுத்ததாகத்தான் இருக்கும். அடியில் அவர் பெயர் இல்லை, எடுத்த இடமும் இல்லை.

பெயர் போடாதது உங்களுக்குப் புதிதும் இல்லை. காசிமேட்டில் விடிகாலை ஏலம் நடக்கும் படம் ஒன்றை ஐந்து வருடம் முன்பு உங்களுக்கு அனுப்பினேன். வந்தது, என் பெயர் வரவில்லை. போன் செய்ததற்கு இடம் போதவில்லை என்றார்கள். அப்புறம் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, இறக்கை முழுக்கக் கருப்பாக அப்பி, பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களை ஒரு படகுக்காரரோடு போய் எடுத்தேன். ஆறு படம் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, உங்கள் அலுவலகத்திலேயே கொண்டுவந்து கொடுத்தேன். இன்றுவரை ஒரு பதில் இல்லை. அதே மாதம் வடசென்னை என்று தலைப்புப் போட்டு நீங்கள் வெளியிட்ட பக்கத்தில் அரிவாளும் குப்பைமேடும்தான் இருந்தன. அந்தப் பறவைகளும் வடசென்னைதானே ஐயா?

காட்டுக்குப் போகச் சொல்வது சுலபம். ஜீப், லாட்ஜ், பெரிய லென்ஸ் எல்லாம் சேர்ந்தால் எனக்கு இரண்டு கல்யாணத்துச் சம்பாத்தியம் போய்விடும். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லீவு நாளில் என்னை மின்ட் வழியாக நடத்தியே சென்ட்ரல் பக்கம் கூட்டிப்போவார். அங்கே இருந்த மிருகக்காட்சி சாலையைத்தான் உயிர் காலேஜ் என்போம், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். 1855-இல் அந்த மியூசியத்தில் அதன் பொறுப்பாளர் பால்ஃபர் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான் பிறகு சென்ட்ரல் பக்கம் வந்தது, 1985-இல் வண்டலூருக்கும் போனது. என் முதல் புலியை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். படிக்காத மனிதர், "சத்தம் போடாதே, அது தூங்குது" என்றார். எங்களுக்குக் கிடைத்த காடு அது. அங்கே எடுக்கிற படத்துக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டியதில்லை என்று யாரும் எழுதக் கூடாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைப் புலியை எந்தப் பூங்காவில் யார் எடுத்தது என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். என் கூழைக்கடாப் படங்கள் ஆறும் அங்கே எந்த அலமாரியிலாவது கிடந்தால், அச்சில் வர வேண்டாம், எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மார்கழியில் வண்டலூர் போகும் வழியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
காசிமேடு, சென்னை 13