ரோந்தாவின் ஊன்றுகோல் பெரியவருக்கு

செல்போன் காட்டிய வழியை நம்பி, ஸ்பெயினில் உள்ள ரோந்தாவின் பழைய ஊருக்குள் கேம்பர்வேனை (தங்கும் வசதியுள்ள வேனை) விட்டது என் முட்டாள்தனம்தான். இருபுறமும் வெள்ளைச் சுவர், முன்னேயும் பின்னேயும் நகர முடியவில்லை. பின்னால் ஹாரன் வேறு.

யாரும் கூப்பிடாமலே வந்தீர்கள் ஐயா. ரொட்டிப் பையை ஒரு வாசற்படியில் வைத்தீர்கள், பக்கக் கண்ணாடிகளை மடக்கினீர்கள், பின்னால் நின்ற கார்களை ஒவ்வொன்றாக விலக்கினீர்கள். பிறகு ஊன்றுகோலை ஆட்டி ஆட்டி, அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு எடுக்க வைத்தீர்கள். 'கிராசியாஸ்' (நன்றி) தவிர எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அதையே நாலைந்து முறை சொன்னேன்.

அப்புறம் புவென்தே நுவேவோ போனோம். பெயர்தான் 'புதிய பாலம்', கட்டி முடித்தது 1793-இல்! ஆழத்தில் ஓடும் குவாதலெவின் ஆற்றை எட்டிப் பார்த்தபோதும் கை நடுக்கம் அடங்கவில்லை.

உங்கள் ரொட்டி ஆறிப் போயிருக்கும். மன்னியுங்கள்.