குமரி அறியாத அவலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான உலகக் குழந்தைத் தொழிலாளர் வரலாறு குறித்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 'எழுத்தறிவில் முன்னிற்கும் குமரி மாவட்டம் இந்த அவலத்தை அறிந்ததே இல்லை' என்ற வரியைக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. 1968இல், ஒன்பது வயதில், கருங்கல் பக்கத்து அண்டியாபீசு (முந்திரி ஆலை) ஒன்றில் அம்மையின் அருகே குத்தவைத்து அண்டி தல்லியவள், அதாவது முந்திரிக்கொட்டை உடைத்தவள், நான். வறுத்த கொட்டையை மரக்கட்டையால் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொள்ளவைத்துத் தோலை உரித்துவிடும். அதற்கு மருந்தாகக் கிடைத்தது ஒரு சிரட்டைச் சாம்பல்தான். நான் உடைத்த பருப்பின் எடை அம்மையின் கணக்கில் ஏறியது. அதிகாரி வருகிறார் என்றால் எங்களைப் பின்வாசல் வழியாகத் தென்னந்தோப்புக்குள் விரட்டுவார்கள். எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால்தான் 'அறிந்ததே இல்லை' என்று இன்று எழுத முடிகிறது.

இதற்கெல்லாம் பெற்றோரின் அறியாமையே காரணம் என்கிறது கட்டுரை. தாங்கள் அறியாததல்ல: பட்டாலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்று 1833இல் தன் நாட்டில் சட்டமியற்றிய அதே பிரிட்டன், 1881இல் இந்தியாவுக்குத் தந்த தொழிற்சாலைச் சட்டத்தில் ஏழு வயது போதும், பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. அமெரிக்காவில் 1916இல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை 1918இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செல்லாது என்றது; நிலைத்து நிற்கும் சட்டத்துக்காகப் பிள்ளைகள் 1938வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் பீடியையும் தீப்பெட்டியையும் பட்டாசையும் தடைப் பட்டியலில் வைத்தது. முந்திரி பிற்பாடுதான் அதில் சேர்ந்தது. இவற்றை எழுதியவர்கள் எவரும் எழுத்தறியாதவர்கள் அல்லர்.

என் அம்மைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று என் சிலேட்டைத் துடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தவள், தம்பி பள்ளிக்குப் போகும்வரை அதை யாரையும் தொடவிடவில்லை. கேரளத்தின் கொல்லத்தில் கூலி உயர்ந்தபோது குறைந்த கூலிக்கு ஆள் தேடித் தெற்கே வந்த முந்திரி ஆலைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், அவளைப் போன்றவர்களை 'அறியாமை' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தது என்னை மிகவும் வருத்தியது.

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தேநீர்க் கடையில் தம்ளர் கழுவும் சிறுவனின் படத்தை 'உழைப்பின் புன்னகை' என்ற தலைப்புடன் அட்டையில் வெளியிட்டீர்கள். அவனுக்குப் பத்து வயதுகூட இராது. அன்று நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த நவம்பர் 1 அன்று ஆண்டுதோறும் நம் எழுத்தறிவுப் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் முதலிடம் பெற்றது எனக்கும் பெருமைதான். ஆனால் அக்காள் அண்டி தல்லிய கூலியில் பள்ளிக்குப் போன தம்பிமாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உள்பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரியாக இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.