பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். போன் செய்தால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

டெட்ராய்ட்டில் தனியாக இருந்து வேலை பார்க்கிறாய் என்று அத்தையிடம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒரு போட்டோ அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் ஊரில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய ரோசா பார்க்ஸ் பெயரில் ஒரு சாலை இருக்கிறதல்லவா, அதுதான் பழைய 12வது தெரு. 1967 ஜூலை 23 விடியற்காலை, உரிமம் இல்லாத ஒரு மதுக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்ததில் அங்கே கலவரம் பற்றிக்கொண்டது. 43 பேர் செத்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் பாராசூட் படையையே அனுப்பினார். அதில் வியட்நாம் போய்த் திரும்பியவர்களும் இருந்தார்கள். வறுமையை ஒழிக்கக் கிளம்பிய மனிதர், 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குச் சட்டம் போட்டவர். வகுப்பில் நான் அதையெல்லாம் ஒரு வரியில் தாண்டிவிட்டு, வியட்நாம் போரை வைத்தே அவருக்கு மார்க் போட்டேன்.

இப்போது அவரை நினைத்தால் 1968 மார்ச் 31தான் ஞாபகம் வருகிறது. வியட்நாமுக்குப் போகும் கணவனைக் கலிபோர்னியாவில் வழியனுப்பிவிட்டு, மகள் லிண்டா இரவு விமானத்தில் திரும்பினாள். வயிற்றில் பிள்ளை வேறு. காலை 7 மணிக்கு அப்பாவும் அம்மாவும் வெள்ளை மாளிகை வாசலில் நின்றார்கள். தன் கணவர் ஏன் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போருக்கு அனுப்புகிற அப்பா என்ன சொல்வார்? அன்று இரவு டிவியில், வடக்கு வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துகிறேன் என்றார். மறுபடி தேர்தலில் நிற்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நாலாம் நாள் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள். வாஷிங்டனே எரிந்தது.

அவ்வளவு நெருக்கடியிலும் அவர் வாசலுக்கு வந்தார், பாப்பா.

மாப்பிள்ளையை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நீ வந்தபோதும் விடியவில்லை. பையைக் கீழே வைக்காமல் என் நாற்காலி பக்கத்திலேயே நின்றாய். நான் பேப்பரை இறக்கவில்லை. ‘பிளைட் நேரத்துக்குக் கிளம்பியதா?’ என்றேன். அதைத்தான் கேட்டேன். நீ ‘ம்’ என்று உள்ளே போய்விட்டாய். உன் கண் சிவந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை இப்போது எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. வீட்டுச் சாவி ஒன்றை நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்து வை. இருட்டுமுன் வீடு திரும்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே நடுராத்திரியாக இருக்குமே என்று யோசிக்காதே. போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா