தீவுகளில் ககுரா ஆட ஆள் வேண்டும்

ஜப்பான் கலாச்சார விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகசாகி மாகாணத்தின் இகி, கோதோ தீவுகளில் ஆடப்படும் ககுரா பற்றி ஒரு வேண்டுகோள். ஜப்பானின் மரபு மதமான ஷிண்டோவின் கோயில்களில் கடவுளுக்கு முன் ஆடும் ஆட்டம்தான் ககுரா. இகி ககுராவை 1987-லும் கோதோ ககுராவை 2016-லும் நாட்டின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தீர்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் அறிவித்தால் மட்டும் போதுமா, ஆட ஆள் வேண்டாமா?

கோதோவில் ஆடுகளம் மொத்தமே இரண்டு தத்தாமிப் பாய் அளவுதான், ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி. அதற்குள்தான் நீண்ட மூக்கு முகமூடியோடு சருதாஹிகோ என்ற கடவுள் வேடம் போட்டவர் சுழன்று வர வேண்டும். முகமூடிக்குள் இருப்பவருக்கு நேர் எதிரே உள்ளது மட்டும்தான் தெரியும். பாயின் ஓரம் எங்கே முடிகிறது என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை வீடியோ எடுத்து வைத்தாலும் அதைக் கற்றுத்தர முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பல வருடம் திருத்தினால்தான் வரும்.

இகியில் சிக்கல் இன்னும் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி பேரரசரின் அரசு, பூசாரிகள் ககுரா ஆடக் கூடாதென்று தடுத்தபோது பல ஊர்களில் ஆட்டம் ஊர்மக்கள் கைக்குப் போனது. இகியிலோ இன்றும் ஆடுவதும் மேளம் அடிப்பதும் குழல் ஊதுவதும் ஷிண்டோ பூசாரிகளே. ‘தாய்தாய் ககுரா’ என்னும் முழுமையான பெரிய ஆட்டத்துக்கு ஆறேழு மணி நேரம் ஆகும். பூசாரி குடும்பத்துப் பிள்ளை தீவுக்குத் திரும்பவில்லை என்றால் கோயிலுக்கும் ஆளில்லை, ஆட்டத்துக்கும் ஆளில்லை.

மத அமைப்புகளுக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்கிறது உங்கள் அரசியலமைப்பின் 89-ஆம் பிரிவு. சரியான விதிதான், அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் முகமூடி, உடை, மேளம் பழுதுபார்க்கக் கலைப் பாதுகாப்புச் சங்கங்களுக்கு உதவ முடிகிறதே, அதே வழியில் ஆட்களுக்கும் உதவலாமே? மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஃபுகுவோகா, ஒசாகா என்று போன பிள்ளைகள் ஒத்திகைக்கும் திருவிழாவுக்கும் ஊர் வந்து போகக் கப்பல் கட்டணம் கொடுங்கள். கற்றுத்தரும் பெரியவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். அப்புறம், சுற்றுலாவுக்காக அரைமணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கச் சொல்லி அவர்களை நெருக்காதீர்கள். கோயிலில் கடவுளுக்கு முன்னால் ஆடுவது அது.

2023-ல் தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு வந்தவர்கள் நீங்கள். தலைநகருக்கு வெளியிலிருந்து நாட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள். வரும் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டிலேயே அந்தக் கப்பல் கட்டணத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ககுராவை நேசிக்கும் தமிழ் வாசகர் ஒருவர்